எண்ணெய் இல்லை என்றவர்

ஆஸ்பத்திரியில் கிடந்த பதின்மூன்று நாட்களில் என்னிடம் "மன்னித்துவிடு" என்று சொன்னவர்கள் பதினொரு பேர். எண்ணி வைத்திருந்தேன். சாப்பிட விடவில்லை, எழும்பி நடக்க விடவில்லை, இரண்டு கையிலும் ஊசி. எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. எங்கள் எழுவைதீவில் என்னைப்போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு "வாய்வுதான்" என்று இஞ்சி அவித்துக் குடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நோயை எழுதினால் நாகேசண்ணையையும் எழுத வேண்டியிருக்கிறது. அவரை விட்டுவிட்டு எழுதப் பார்த்து இரண்டு தாள் கிழித்தேன். முடியவில்லை. அதுவே எனக்கு எரிச்சல்.

என் பெயர் பவளராணி. வயது ஐம்பத்தேழு. தீவில் கூட்டுறவுச் சங்கக்கடையை நடத்துகிறேன். கணவர் செல்வரத்தினம் இறந்து ஒன்பது வருடம். ஒரே மகள் மேகலா யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள், அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

நோவு கடையில் வைத்துத்தான் தொடங்கியது. சீனி நிறுத்துக்கொண்டு நின்றேன். மேல் வயிற்றில், நெஞ்சுக்குழிக்குக் கீழே, யாரோ இரும்பு அலவாங்கை வைத்து முதுகுப்பக்கம் வெளியே வரும்வரை குத்தியதுபோல ஒரு நோவு. அதற்கு முன் மூன்று நான்கு மாதமாக, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட நாட்களில் வலப்பக்கம் ஒரு பிடிப்பு வந்து போகும். நானும் வாய்வு என்றுதான் இருந்தேன். இது அந்த வகையில்லை. சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தேன். பிறகு நிலத்தில் இருந்துவிட்டேன். பிறகு நிலத்தில் கிடந்தேன்.

கடைக்கு வந்தவர்கள் என்னைக் கதிரையோடு தூக்கி இறங்குதுறைக்குக் கொண்டுபோனார்கள். ஊர்காவற்றுறைக்குப் போகும் படகு புறப்பட்டுப் போய்விட்டது, இனிப் பின்னேரம்தான். பார்த்தால் கரையில் நாகேசண்ணையின் வள்ளம் எஞ்சின் போட்டபடி நிற்கிறது. அவரை யாரும் கூப்பிடவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு வந்து நிற்கிறார்.

"அந்த வள்ளத்திலை ஏத்தாதேங்கோ" என்று சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். நோவில் பிதற்றுகிறேன் என்று நினைத்து ஏற்றிவிட்டார்கள்.

வள்ளத்தின் அடியில் ஒரு சாக்கின்மேல் கிடந்தபடி அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் ஒருதடவையும் திரும்பவில்லை. நடுக்கடலில் அவருடைய வலையின்மேல் சத்தி எடுத்தேன். அந்த நோவுக்குள்ளும் அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்ததை மறைக்கமாட்டேன்.

ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நாகேசண்ணை எங்கள் பக்கத்து வளவு. அவருக்கும் என் கணவருக்கும் எல்லை வேலி பற்றி நான்கு வருடச் சண்டை. ஒருவர் வேலிக்குக் கதியால் தடி நட்டால் மற்றவர் பிடுங்குவார். ஊர்ப் பிணக்குகளைத் தீர்க்கும் இணக்கசபை வரை போய், அங்கே எல்லாருக்கும் முன்னால் என் கணவர் அவரைக் கள்ளன் என்று சொன்னார். அது நடந்து மூன்று வாரத்தில், ஒரு காலைநேரம் என் கணவருக்கு நெஞ்சுநோ வந்தது. வேர்த்துக் கொட்டியது, இடக்கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அன்றைக்குப் பயணிகள் படகு பழுது. மற்ற வள்ளங்கள் எல்லாம் தொழிலுக்குப் போய்விட்டன. எங்கள் பக்கக் கரையில் நின்றது நாகேசண்ணையின் வள்ளம் ஒன்றுதான்.

ஓடிப்போனேன். அவர் முற்றத்தில் நின்றார். சொன்னேன். என்னைப் பார்க்காமல், "எஞ்சினுக்கு விட எண்ணெய் இல்லை" என்றார்.

நான் தீவின் மற்றக் கரைக்கு ஓடி, அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் வள்ளத்தைப் பிடித்து, ஆளை ஏற்றும்போது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. ஊர்காவற்றுறை இறங்குதுறை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் என் கணவர் என் மடியில் இறந்துபோனார்.

அடுத்தநாள் விடிய நாகேசண்ணையின் வள்ளம் கடலுக்குப் போனதைக் கண்டேன். அதிலிருந்து ஒன்பது வருடம் நான் அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. கடைக்கு வருவார். சாமான்களின் பெயரைக் காற்றுக்குச் சொல்வார். நிறுத்து மேசையில் வைப்பேன். எடுத்துக்கொண்டு போவார்.

ஆனால் உண்மையைச் சொன்னால், எண்ணெய் இருந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பின்னேரம் யாரிடமாவது வாங்கியிருக்கலாம். மேகலா அதைத்தான் சொல்வாள்: "எண்ணெய் இல்லையெண்டால் அந்தாள் என்னம்மா செய்யும்?" நானும் சில இரவுகளில் அப்படி நினைத்து, விடிந்ததும் இல்லையென்று மாற்றிக்கொள்வேன். ஒன்பது வருடமாக ஒரு மனிதரை வெறுக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறதா என்று நிச்சயமாகத் தெரியாது. இது எவ்வளவு களைப்பான வேலை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊர்காவற்றுறையில் ஒரு ஊசி போட்டு, அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் குளிர்ந்த களி பூசி ஸ்கான் பார்த்தார்கள். பின்னேரம் ஒரு இளம் பெண் டொக்டர் வந்து, ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். ஈரலுக்குக் கீழே ஒரு சின்னப் பை, அது பித்தப்பை. அதற்குள் எனக்குக் கற்கள். அதிலிருந்து ஒரு குழாய் குடலுக்குப் போகிறது. கணையம் என்ற உறுப்பிலிருந்து வரும் குழாயும் அதே வாசலில்தான் வந்து சேர்கிறது. ஒரு கல் வழுகி அந்த வாசலில் வந்து அடைத்துவிட்டது. உணவைச் செரிக்கக் கணையம் சுரக்கும் நீர் போக வழியில்லாமல் திரும்பி, கணையத்தையே செரிக்கத் தொடங்கிவிட்டது.

"அப்ப என்னை நானே சாப்பிடுறனோ?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட அப்பிடித்தான் அம்மா. கனபேருக்குத் தானாய் அடங்கும். சிலபேருக்கு அடங்காது. முதல் சில நாளும் கவனமாய்ப் பாக்க வேணும். வாயாலை ஒண்டும் ஏலாது. தண்ணிகூட இல்லை."

கட்டிலின் தலைமாட்டில் "வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம்" என்று ஒரு மட்டை தொங்கவிட்டார்கள். அந்த மட்டையை வாசித்துவிட்டு எனக்குச் சாப்பாடு நீட்டியவர்களையும் எண்ணியிருக்கலாம். சோடா, பிஸ்கற், பிட்டு, ஒருவர் கணவாய்க் கறி. இல்லை என்றால், "ஒரு வாய்தானே" என்பார்கள். அதுவும் ஒருவகை அன்புதான் என்று மேகலா சொன்னாள். எனக்குத் தண்ணீர் விடாயில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேகலாதான் நனைத்த பஞ்சால் என் உதட்டை ஒற்றிக்கொண்டே இருந்தாள். அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தூங்குவாள். காலையில் என் தலையைப் பிரித்து, சிக்கெடுத்து, இறுக்கமில்லாமல் பின்னிவிடுவாள். சின்ன வயதில் நான் அவளுக்கு இறுக்கிப் பின்னி அழவைத்தது எனக்கு நினைவு வரும். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

இனி அந்தப் பதினொரு பேருக்கு வருகிறேன்.

நான் நாகேசண்ணையின் வள்ளத்தில் வந்த செய்தி தீவு முழுக்கப் பரவி, பிறகு கனடாவுக்கும் போய்விட்டது. என் ஒன்றுவிட்ட தங்கை அங்கிருந்து குரல்பதிவு அனுப்பினாள். மனதில் கோபத்தைப் பூட்டி வைத்தால் அது உடம்பில் கல்லாக மாறுமாம். அவள் போகும் தியான வகுப்பில் சொன்னார்களாம். காலையும் மாலையும் அவருடைய பெயரைச் சொல்லி மூச்சை வெளியே விட வேண்டுமாம். எனக்கோ மூச்சை உள்ளே இழுக்கவே நோகிறது. தீவிலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு: "அந்தாள்தானே உம்மைக் காப்பாத்தினது. இனியும் என்ன?" நயினாதீவிலிருந்து எங்களுக்குத் தெரிந்த ஐயர் ஒருவர் விபூதி கொண்டுவந்தார். நல்ல மனிதர், பூசிவிட்டு நலம் கேட்டார். போகும்போது அவரும் மன்னிப்பு பெரிய குணம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் ஏழாவது.

பக்கத்துக் கட்டிலில் இறுப்பிட்டிப் பூமணியக்கா. சீனி வருத்தத்தால் காலில் வந்த புண்ணுக்கு மருந்து கட்ட வந்திருந்தார். அவர் சொன்னார்: "நான் எங்கடை மனுசனை எப்பவோ மன்னிச்சிட்டன் பிள்ளை. அதாலைதான் நிம்மதியாய் இருக்கிறன்." சொல்லிவிட்டு, அந்த மனிதர் நாற்பது வருடத்தில் செய்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, காலைத் தேத்தண்ணி வரும்வரை சொன்னார். அடுத்தநாளும் சொன்னார். விடுபட்டவை இரண்டு நினைவு வந்ததாம்.

டொக்டர் வந்தபோது கேட்டேன்: "மனசிலை கோவத்தை வைச்சிருந்தால் பித்தப்பையிலை கல்லு வருமோ?"

அவர் சிரித்தார். "பித்தநீரிலை இருக்கிற கொழுப்புக் கட்டிபட்டுத்தான் கல்லு வாறது. கோவத்தாலை வாறதெண்டால் இந்த வாட்டிலை இடம் காணாது அம்மா."

அதைக் குரல்பதிவாக எடுத்துக் கனடாவுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். மேகலா விடவில்லை.

மூன்றாம் நாள் நோய் பாரித்தது. காலையில் மூச்சு எடுபடவில்லை. வயிறு பறைபோல இறுகியது. காய்ச்சல். மூக்குக்கும் வாய்க்கும் மூடி போட்டு ஒட்சிசன் விட்டார்கள். கணையத்தின் அழற்சி கூடினால் நெஞ்சுப் பக்கமும் நீர் சேர்ந்து சுவாசப்பையை நெருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய டொக்டர் மேகலாவை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

அவள் குனிந்து என் காதடியில் சொன்னாள்: "அம்மா, நாகேசு மாமாவை மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே. நான் அப்பவே மன்னிச்சிட்டன்."

மூடியைக் கையால் தூக்கிக்கொண்டு சொன்னேன்: "உன்ரை பங்கை நீ மன்னிச்சுக்கொள். என்ரை பங்கிலை கை வையாதை."

அவள் அழுதாள். தாதி வந்து இருவரையும் ஏசி, மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த நாள் எனக்குப் பயம் இல்லையென்று சொல்லமாட்டேன். சாவதைவிட வேறொன்று என்னை வாட்டியது. நான் செத்தால், கடைசிவரை உதவிய மனிதர் என்று ஊர் அவரைத்தான் கொண்டாடும். செத்தவீட்டில் முன்னுக்கு நின்று பந்தல் போடுவார். "பாவம், கடைசிவரைக்கும் மனம் இரங்கேல்லை" என்று என்னைத்தான் சொல்வார்கள். இப்படி ஒரு அநியாயத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் மட்டையைக் கழற்றி, கரண்டியால் தண்ணீர் தந்தார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி எழுத என்னிடம் சொற்கள் இல்லை.

இவ்வளவு நாளும் நாகேசண்ணை வந்துகொண்டிருந்தார். காலைப் படகில் ஊர்காவற்றுறைக்கு வந்து, பஸ் பிடித்து, பார்வையாளர் நேரம் தொடங்கும் பன்னிரண்டு மணிக்கு வாசலில் நிற்பார். அறுபத்தெட்டு வயது. கையில் இரண்டு செவ்விளநீர். மட்டை தொங்கிய நாட்களிலும் கொண்டுவந்தார். அவற்றைப் பூமணியக்கா குடித்தார். சீனி வருத்தக்காரி, தாதி காணாமல்தான் குடிக்க வேண்டும்.

அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்ப்பார். நான் மின்விசிறியைப் பார்ப்பேன். ஏழாம் நாள் வாய் திறந்தார்.

"பழசை விடு பிள்ளை. மறப்பம்."

ஒன்பது வருடத்தில் நான் அவரோடு பேசிய முதற் சொல்: "எதை?"

"பழசைத்தான்."

"எந்தப் பழசை?"

அவர் கம்பியைத் தடவினார். "எல்லாத்தையுந்தான்."

அந்த "எல்லாம்" என்னைக் கொன்றுபோட்டது. கடையில் வந்து நின்று சாமானின் பெயரைச் சொல்லாமல் "தா" என்றால் நான் எதை நிறுக்கிறது? அந்தப் பதினொரு பேரும் அதைத்தான் செய்தார்கள். மன்னி, விடு, மற என்றார்கள். எதை என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. வந்தால் அது எவ்வளவு பெரியது என்று அவர்களும் பார்க்க வேண்டி வருமே.

"சொல்லத் தெரியாட்டி வீட்டை போங்கோ" என்றேன். பூமணியக்கா இளநீரை வைத்துவிட்டு எங்கள் வாயைப் பார்த்தார். நாகேசண்ணை போய்விட்டார்.

அடுத்தநாள் கணையம் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று பார்க்க இன்னொரு ஸ்கான். இது களி பூசிப் பார்ப்பது இல்லை. பெரிய வளையம்போன்ற இயந்திரத்துக்குள் ஆளைத் தள்ளி, உடம்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோலப் படம் எடுப்பார்கள். சிற்றூழியர் ஒருவர் என்னைச் சில்லுக் கதிரையில் தள்ளிக்கொண்டுபோய், ஸ்கான் அறைக்கு வெளியே வரிசையில் விட்டார். எனக்கு முன்னால் ஐந்து பேர். மேகலா ஒரு தாளைப் பிரதி எடுக்கப் போனாள். நாகேசண்ணை வாட்டில் கேட்டு அங்கே தேடிக்கொண்டு வந்து, எனக்குப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் இருந்தார். இன்றைக்கு இளநீர் இல்லை.

எங்கள் முன்னால் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிட்டு அவரை உள்ளே எடுத்தார்கள்.

"பிள்ளை" என்றார் நாகேசண்ணை. "அண்டைக்கு எண்ணெய் இருந்தது."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எவ்வளவு?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது. கடைக்காரி வாய்.

"ரெண்டு கான். குசினிக்குப் பின்னாலை இருந்தது. நிறைய."

"பிறகேன் இல்லையெண்டனீங்கள்?"

"எனக்கு அவனிலை கோவம். அத்தினை பேருக்கு முன்னாலை என்னைக் கள்ளன் எண்டு சொன்னவன். நீ ஓடிவந்து நெஞ்சுநோ எண்டு சொல்லேக்கை, வாய்வாய்த்தான் இருக்கும், கொஞ்சநேரம் அலையட்டும் எண்டு நினைச்சனான்." ஸ்கான் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாவான் எண்டு நினைக்கேல்லை. அரை மணித்தியாலத்தாலை கானைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தனான். அதுக்குள்ளை நீ மற்றக் கரைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போயிட்டாய் எண்டு சொல்லிச்சினம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை? ஒன்பது வருசம்."

"சொன்னால் பிறகு நான் ஆர் பிள்ளை?"

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இயந்திரத்துக்குள் கைகளைத் தலைக்கு மேலே வைத்துப் படுக்க வேண்டும். அசையக்கூடாது. "மூச்சை இழுங்கோ. அடக்குங்கோ. விடுங்கோ" என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை. அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலம் முந்தி அவர் வந்திருந்தால் என்று கணக்குப் பார்த்தேன். என் கணவர் பிழைத்திருப்பாரா தெரியாது. டொக்டர்களும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு எண்ணெய் இருந்தது என்று தெரிந்துவிட்டது. நான் பைத்தியம் இல்லை என்று தெரிந்துவிட்டது. படம் எடுத்தவர் வந்து, "நோகுதோ அம்மா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

வெளியே வந்தபோது அவர் எழும்பி நின்றார்.

"போங்கோ" என்றேன்.

"இனி வரவேண்டாமோ?"

"இப்ப போங்கோ எண்டுதான் சொன்னனான்."

மேகலாவுக்கு அன்று பின்னேரம் சொன்னேன். எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டாள்.

"எண்ணெய் இருந்ததோ?"

"ஓம்."

"இல்லையெண்டுதானே அம்மா நான் நினைச்சனான்."

அப்போதுதான் விளங்கியது. அவள் அப்பவே மன்னித்துவிட்டேன் என்று சொன்னது, எண்ணெய் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற ஒரு மனிதரை. அப்படியொருவர் இருந்ததே இல்லை. அவள் எழும்பி வராந்தாவுக்குப் போய்க் கனநேரம் நின்றாள். திரும்பி வந்து சொன்னாள்: "அந்தாள் இனி இஞ்சை வரக்கூடாது. வந்தால் நான் கத்துவன்."

பதினொரு பேரில் ஒருத்தியாக இருந்தவள். இப்போது நான் அவளுக்கு "விடு பிள்ளை" என்று சொல்ல வேண்டிய முறை. நான் சொல்லவில்லை. பன்னிரண்டாவது ஆளாக அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பம் இல்லை. பக்கத்தில் இருக்கச் சொன்னேன். அவள் தலையை நான் பின்னிவிட்டேன், ஊசி குத்திய கையாலேயே.

அவர் வரவில்லை. அடுத்தநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும். இது என்னை இன்னும் எரிச்சலாக்கியது. ஒன்பது வருடம் வாய் திறக்காத மனுசன், திறந்த மறுநாளே தலைமறைவு. பன்னிரண்டு மணியானால் என் கண் தானாக வாசலுக்குப் போகும். போவதைக் கண்டு என்மேலேயே கோபம் வரும். திட்டுவதற்குச் சொற்களை ஒழுங்குபண்ணி வைத்திருந்தேன். கேட்க ஆள் இல்லை.

என் கணவரின் பங்கு ஒன்று இருக்கிறதே என்றும் யோசித்தேன். செத்தவருக்காக நான் மன்னிக்க முடியுமா? அவர் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? உண்மையைச் சொல்கிறேன், மன்னித்திருக்கமாட்டார். வேலியை இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டிருப்பார். அந்த மனிதரையும் எனக்குத் தெரியும்.

பதினோராம் நாள் ஒப்பரேசன். வயிற்றைப் பெரிதாக வெட்டவில்லை. நான்கு சின்னத் துளை போட்டு, ஒன்றுக்குள்ளால் கமராவை விட்டு, பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். பித்தப்பை இல்லாமலும் வாழலாம். பித்தநீர் ஈரலிலிருந்து நேரே குடலுக்குப் போய்விடும், கொழுப்புச் சாப்பாட்டில் மட்டும் கொஞ்சக் காலம் கவனமாக இருக்க வேண்டும். விழித்தபோது தோள்மூட்டு நொந்தது. வயிற்றை உப்பவைக்க விட்ட காற்றால் அப்படி நோகுமாம், இரண்டு நாளில் போய்விடும். இதை முதலே சொல்லியிருந்தால் நான் நெஞ்சுநோ என்று பயந்திருக்கமாட்டேன். ஆகவே நான் உங்களுக்கு முதலே சொல்கிறேன்.

கற்களைக் காட்டினார்கள். ஒரு சின்னப் போத்திலில் ஏழு. மிளகளவு. பூமணியக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவுக்கோ இந்தப் பாடு?" என்று ஏமாந்துபோனார்.

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். மேகலா கூட வந்தாள். நான்கு நாள் வீட்டில் நின்று சமைத்துத் தந்தாள். ஐந்தாம் நாள் பின்னேரம் நாகேசண்ணை எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்றார். மேகலா அவரைக் கண்டதும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெல்லப் படலைக்குப் போனேன்.

"ஏன் ஆஸ்பத்திரிக்கு வரேல்லை?"

"போகச் சொன்னனீ."

"இப்ப போங்கோ எண்டுதான் சொன்னனான். அதுக்கு இவ்வளவு நாளோ?"

ஆள் மெலிந்திருந்தார். ஒழுங்குபண்ணி வைத்திருந்த சொற்களைத் தேடினேன். எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் மடியில் என் கணவரின் தலை எப்படிப் பாரமானது என்பதையும், ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றவர்கள் உதவ ஓடிவந்து, பிறகு ஓடாமல் நின்றதையும். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும் களைத்துப்போய்ப் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னை மன்னிப்பியோ பிள்ளை?" என்று கேட்டார். "செல்வத்தைச் சாகவிட்டதுக்கு. பொய் சொன்னதுக்கு."

இந்தமுறை சாமானின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதற்கு நான் ஏதாவது சொல்லத்தான் வேண்டும். என்னிடம் இருந்ததைப் பார்த்தேன். அன்றைக்குக் கொஞ்சம் இருந்தது. நாளைக்கும் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

"இண்டைக்கு ஓம்" என்றேன். "நாளைக்குத் தெரியாது. நாளைக்கு நாளைக்குத்தான் கேக்க வேணும்."

கோபத்தில் சொன்னதுதான். எரிச்சலில் வாயில் வந்தது.

மறுநாள் விடிய ஆறு மணிக்குப் படலையில் தட்டுகிற சத்தம். நான் இன்னும் முகம் கழுவவில்லை. நாகேசண்ணை கடலுக்குப் போகிற உடுப்போடு நிற்கிறார்.

"என்ன?" என்றேன்.

"இண்டைக்கு?" என்றார்.

தலையில் கை வைத்துக்கொண்டேன். இந்த மனுசன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டார். "ஓம், ஓம், போங்கோ" என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. காற்றென்றாலும் மழையென்றாலும் ஆறு மணிக்கு வருகிறார். மேகலா வேலைக்குத் திரும்பிவிட்டாள். சனி, ஞாயிறு வந்தால் அவர் தட்டும்போது எழும்பி உள்ளே போய்விடுவாள். அவளுடைய பங்கை அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் ஓம் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு அவரை இன்னும் பிடிக்கவில்லை. மன்னித்த பிறகும் ஒருவரைப் பிடிக்காமல் இருக்கலாம் என்பதை அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

நேற்று என் கணவர் போட்ட சேட்டு ஒன்று அலுமாரியின் அடியிலிருந்து அகப்பட்டது. விடிய அவர் வந்து கேட்டபோது, "இண்டைக்கு ஏலாது" என்றேன். தலையை ஆட்டினார். "சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார்.

இன்று காலை ஆறு மணிக்கு மறுபடி வந்து நின்றார்.